கட்டாத மாடும் பூட்டாத துவக்கும்



யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தை வன்னி விவசாயி ஒருவர் நிதானமாக வாசித்தால், அது தமக்கென்றே எழுதப்பட்டதோ என்று எண்ணுவார். மாடு பற்றிய சட்டம் ஒன்று அங்கே உண்டு. ஒருவனுடைய மாடு ஒரு மனிதனை முட்டிக் கொன்றுவிட்டால் மாடு கொல்லப்படவேண்டும். சொந்தக்காரன் மேல் குற்றமில்லை. ஆனால் அந்த மாடு முன்னரே முட்டும் பழக்கமுள்ளது, அதுபற்றி அவனுக்கு எச்சரிக்கையும் செய்யப்பட்டது, ஆயினும் அவன் அதைக் கட்டிவைக்கவில்லை என்றால், அப்பொழுது பழி மாட்டோடு நின்றுவிடுவதில்லை; சொந்தக்காரன் தலையிலும் விழுகின்றது. முட்டுண்டது சிறுவனாயினும் சிறுமியாயினும் இதே சட்டந்தான் என்று பின்னர் வரும் வசனம் ஒன்று தனியாக எடுத்துரைக்கின்றது.

அதே அதிகாரத்தில் இன்னொரு சட்டம்: குழி தோண்டியவன் அதை மூடாது விட்டு, அதில் அயலவனின் மாடோ கழுதையோ விழுந்து செத்தால், குழிக்குரியவனே நட்டத்தை ஈடுசெய்ய வேண்டும். உபாகமம் 22ஆம் அதிகாரத்தில் மூன்றாவது சட்டம்: புதுவீடு கட்டுகிறவன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும், எவராவது தவறி விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின் மேல் வரும்.

மூன்று சட்டங்களுக்கும் உயிர் ஒன்றே. "நீ கொல்ல நினைத்தாயா?" என்பதோடு இறைவன் நிறுத்திக் கொள்வதில்லை. "ஆபத்து இருப்பது உனக்குத் தெரியும், தெரிந்தும் நீ என்ன செய்தாய்?" என்றும் கேட்கின்றார். இந்தக் கேள்வியைத்தான் இவ்வாரம் நம் வீடுகளுக்குள்ளும் வயல்களுக்குள்ளும் கொண்டுவர விரும்புகின்றோம். பொருள், துவக்கும் பிள்ளைகளும்.

வன்னியில் துவக்கு எதற்காக இருக்கின்றது என்பது நமக்குத் தெரியும். முத்தையன்கட்டிலும் வவுனிக்குளத்திலும் இரணைமடுவின் கீழும் வயல் செய்கின்ற ஒருவர், கடன்பட்டு விதைத்த நெல்லைக் கதிர் தள்ளும் காலத்தில் ஒரே இரவில் பன்றிக் கூட்டத்திடம் பறிகொடுப்பதுண்டு. யானையோ வேலியை மதிப்பதில்லை. காவல் கொட்டிலில் கண்விழித்து இருப்பவன் கையில் அனுமதிப்பத்திரத்துடன் ஒரு துவக்கு இருப்பதைப் பாவமென்று எவரும் சொல்லப்போவதில்லை. பயிர் காப்பதும் குடும்பம் காப்பதுதான். ஆனால் துவக்கு முட்டும் மாடு என்பதை அதை வைத்திருப்பவர் எவரும் அறியாதவர் அல்லர். முட்டுவதற்கென்றே செய்யப்பட்ட மாடு அது. ஆகவே சட்டத்தின் முதலாம் நிலை, "தெரியாது" என்ற நிலை, துவக்குக்காரருக்கு ஒருபோதும் கிடையாது. அவருக்கு உள்ளது இரண்டாம் நிலை மட்டுமே: கட்டி வைத்தாயா, இல்லையா?

நம் ஊர்களில் துவக்கு எங்கே வைக்கப்படுகின்றது? வளையில் செருகி, அலுமாரிக்கு மேலே, கட்டிலுக்குக் கீழே, நெல் மூட்டைகளுக்குப் பின்னால். அனுமதியில்லாத இடியன் துவக்கென்றால் பழைய பாய்ச் சுருளுக்குள்ளே, வைக்கோற்போருக்குள்ளே. ஒன்றைக் கவனியுங்கள்: பெரியவர் பொலிசாருக்கு ஒளிக்கத் தேடுகின்ற இடமும், பிள்ளைகள் ஒளித்துப் பிடித்து விளையாடத் தேடுகின்ற இடமும் ஒன்றேதான். பொலிசார் ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடும். பிள்ளை அங்கே நாளுக்குப் பத்துமுறை போகின்றது.

இடியன் துவக்கில் இன்னுமொரு பொல்லாங்கு உண்டு. தோட்டாத் துவக்கை முறித்துத் தோட்டாவை வெளியே எடுத்துவிடலாம். இடியனிலோ குழல்வாயால் மருந்தையும் சன்னத்தையும் இடித்து இறுக்கியாயிற்று என்றால், வெடி வைத்தாலன்றி அதை எளிதில் வெறுமையாக்க முடியாது. ஆகவே இரவு பன்றி வராவிட்டால், காலையில் அது மருந்தோடேயே வீட்டுக்கு வருகின்றது. மருந்தோடேயே மூலையில் சாத்தப்படுகின்றது. தண்ணீர்க் குழாயிலும் பழைய இரும்பிலும் செய்யப்பட்ட அந்தக் கருவிக்குத் தடுப்பு விசை என்ற ஒன்றும் பெரும்பாலும் கிடையாது. விழுந்தாலும் வெடிக்கும், இழுபட்டாலும் வெடிக்கும்.

"நான் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், சுவாமி. அவர்கள் தொடமாட்டார்கள்" என்று சொல்லும் தந்தையர் உளர். நல்ல தந்தையர்தாம், பொய் சொல்லவில்லை. ஆயினும் அந்த நம்பிக்கை எவ்வளவு பலவீனமானது என்பதற்கு ஒரு சான்று தருவோம். அமெரிக்காவில் மருத்துவர்கள் நடத்தி 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 8 முதல் 12 வயது வரையான 64 சிறுவர்களை இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் விளையாட விட்டார்கள். மேசை லாச்சிக்குள் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. நிசமானது, ஆனால் தோட்டா இல்லாதது. சிறுவர்களில் 48 பேர் அதைக் கண்டுபிடித்தார்கள். 30 பேர் கையிலெடுத்தார்கள். 16 பேர் வெடிக்கத்தக்க பலத்தோடு விசையை இழுத்தார்கள். கண்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அது விளையாட்டுப் பொருளா நிசமானதா என்றே தெரியவில்லை. நம் நெஞ்சில் தைக்கவேண்டியது இதுதான்: கையிலெடுத்தவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர், துவக்கைத் தொடக்கூடாது, அது ஆபத்தானது என்ற போதனையை முன்னரே பெற்றிருந்தவர்கள்.

அவர்கள் கெட்ட பிள்ளைகளா? அல்லர். பிள்ளைகள், அவ்வளவுதான். புதியதைக் கண்டால் தொட்டுப் பார்க்கும் ஆவலை இறைவனே பிள்ளையின் உள்ளத்தில் வைத்தார். அந்த ஆவலால்தான் அது நடக்கப் பழகுகின்றது, பேசப் பழகுகின்றது, வாசிக்கப் பழகுகின்றது. துவக்குக்கு முன்னால் மட்டும் அந்த ஆவல் அடங்கிப்போகும் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்? சொல்லிக் கொடுப்பது அவசியம். ஆனால் சொல் பூட்டாகாது. முட்டும் மாட்டை அவிழ்த்துவிட்டு, "கிட்டப் போகாதே" என்று பிள்ளைக்குப் புத்தி சொன்னேன் என்பவனை மோசேயின் சட்டம் மன்னிப்பதாகக் காணோம்.

இந்த உண்மையை அந்நாட்டுச் சட்டமன்றங்களும் மெல்லமெல்ல உணர்ந்தன. 1989ஆம் ஆண்டில் புளோரிடா மாநிலம், பிள்ளையின் கைக்கு எட்டும்படி தோட்டாவோடு துவக்கை விட்டு வைத்த பெரியவரையே பொறுப்பாளியாக்கும் சட்டத்தை இயற்றியது. வேறு மாநிலங்கள் பலவும் பின்தொடர்ந்தன. ஆயினும் துவக்கு மலிந்த அந்நாட்டில், 2020ஆம் ஆண்டு தொடக்கம், 1 முதல் 19 வயது வரையானோரின் இறப்புக்கு முதற் காரணமாகத் துவக்கே நிற்கின்றது. வீதி விபத்தையும் அது முந்திவிட்டது. செல்வமும் கல்வியும் மிக்க நாட்டுக்கே இந்தக் கதி.

வீட்டைவிட்டு இனி வயலுக்கு வருவோம். பன்றி வரும் ஒற்றையடிப் பாதையில் கட்டுத்துவக்குக் கட்டுகின்றவர்கள் இருக்கின்றார்கள். குறுக்கே ஒரு கம்பி. கம்பி இழுபட்டால் வெடி. குழல் பன்றியின் நெஞ்சு உயரத்துக்குக் குறிவைக்கப்படும். பன்றியின் நெஞ்சு வளர்ந்த மனிதனுக்கு முழங்கால் உயரம். அதனால்தான் கட்டுத்துவக்கில் அகப்பட்ட பெரியவர்கள் பலர் காலை இழக்கின்றார்கள். அதே உயரம் ஆறு வயதுப் பிள்ளைக்கு எது என்று உங்கள் பிள்ளையை அருகில் நிறுத்திப் பாருங்கள். தொடையும் இடுப்பும் அல்லவா? பாலைப்பழக் காலத்தில் காட்டோரம் போகின்ற சிறுவரும், மாடு தேடிப் போகின்ற சிறுவரும், விறகு பொறுக்கப் போகின்ற தாய்க்குப் பின்னால் ஓடுகின்ற சிறுமியும் நடப்பது பன்றி நடக்கும் அதே பாதையில்தான். தீனிக்குள் வெடிமருந்து பொதிந்து வைக்கும் பன்றிவெடியும் இவ்வாறே. உணவென்று நினைத்து வாயில் கடிக்கும் யானையின் தாடை சிதைந்து, அது பல நாள் பட்டினியில் துடித்துச் சாகின்றது. கையிலெடுத்துப் பார்க்கும் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை.

இவை நாட்டுச் சட்டத்துக்கும் விரோதமானவை. ஆனால் சட்டத்துக்கு முன்னரே இறைவன் சொல்லிவிட்டார்: மூடாத குழிக்குத் தோண்டியவனே பொறுப்பு. பிறர் நடக்கும் நிலத்தில், கண்ணுக்குத் தெரியாத குழியைத் தோண்டி வைத்துவிட்டு வீட்டில் நித்திரை கொள்பவர் அன்று செபமாலை சொல்லியிருந்தாலும் அவரது மனச்சாட்சி நிம்மதியாய் இருக்கலாகாது.

நம் நிலத்தில் போர் தோண்டிய குழிகளும் உண்டு. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிந்தது. இருபக்கத்தாரும் புதைத்தவையும் எறிந்தவையும் அன்றோடு முடிந்துவிடவில்லை. இலங்கை 2017ஆம் ஆண்டு டிசெம்பர் 13ஆம் நாள் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. 2028ஆம் ஆண்டு யூன் 1ஆம் நாளுக்குள் நிலத்தைத் துப்புரவாக்கவேண்டும் என்பது அதன்படி நமக்குக் கிடைத்த தவணை. முகமாலையிலும் பிற இடங்களிலும் நம் ஊர்ப் பெண்களும் ஆண்களும் முழந்தாளிட்டு, ஒவ்வோர் அடி மண்ணாகக் கிளறி இப்பணியைச் செய்து வந்திருக்கின்றார்கள். அவர்கள் முழந்தாளிட்டுச் செய்வதும் ஒருவகை வழிபாடே. ஆனால் சிவப்புப் பலகை நாட்டாத இடத்திலும் ஒரு கைக்குண்டோ, வெடிக்காத ஷெல்லோ, துருப்பிடித்த தோட்டாக் குவியலோ கிணறு வெட்டும்போது வெளிப்படுகின்றது. குப்பைக்குத் தீ வைக்கும்போது வெடிக்கின்றது. அதைக் கண்ட பெரியவர் என்ன செய்கின்றார் என்பதிலேதான் பிள்ளையின் உயிர் தங்கியிருக்கின்றது. பழைய இரும்பு விலைக்காக அதை வீட்டுக்குக் கொண்டுவருகின்றவரும், பொலிஸ் விசாரணைக்குப் பயந்து பேசாமல் மண்ணைப் போட்டு மூடுகின்றவரும், அடுத்த காணிக்குள் தூக்கி எறிகின்றவரும் அந்தக் குழியைத் தம் குழியாக்கிக் கொள்கின்றார்கள். தோண்டியவர் வேறு யாரோ. ஆனால் தெரிந்தபின் மூடாது விட்டவர் இவர்.

துவக்குப் பற்றி வன்னியில் பேசும்போது, மறைக்காமல் நினைக்கவேண்டிய இன்னொன்றும் உண்டு. பிள்ளை தவறுதலாகத் துவக்கை எடுத்த கதையல்ல இது. பெரியவர்கள் பிள்ளையின் கையில் துவக்கைத் திணித்த கதை. 18 வயதுக்குட்பட்டோரைப் போரில் ஈடுபடுத்துவதில்லை என்று 1998ஆம் ஆண்டு மே மாதத்தில் வன்னிக்கு வந்த ஐக்கிய நாடுகளின் பிரதிநிதியிடம் விடுதலைப் புலிகள் வாக்களித்தார்கள். 2003ஆம் ஆண்டில் யுனிசெப் நிறுவனத்தோடு செயற்றிட்டம் ஒன்றும் ஒப்புக்கொள்ளப்பட்டது. வாக்குக் காக்கப்படவில்லை. போர் முடிந்தபின் அரசு புனர்வாழ்வுக்கு அனுப்பிய சிறுவர் சிறுமியர் 594 பேர் என்று கணக்கிடப்பட்டது. அவர்களோடு திரும்பி வராதவர்களை அந்தக் கணக்கு எண்ணவில்லை. பிள்ளைகளைப் பதுங்குகுழிக்குள்ளும் தண்ணீர்த் தாங்கிக்குள்ளும் ஒளித்து வைத்த தாய்மார் இன்றும் நம் பங்குகளில் பூசை காண வருகின்றார்கள். எந்தக் கொள்கையின் பெயராலும், எந்தச் சீருடை அணிந்தவராலும், பிள்ளையின் கைக்குத் துவக்குப் போவது பெரியவரின் பாவம். பிள்ளையின் பாவம் அன்று. அத்தனையும் கண்டு அழுத நாம், இன்று கவலையீனத்தால் அதே துவக்கை அதே கைக்கு எட்டும்படி வைக்கலாமா?

விபத்து நேர்ந்த வீட்டில் நாம் வழக்கமாகக் கேட்கும் சொல் ஒன்று உண்டு: "விதி". கிறிஸ்தவ வீட்டில் அதற்கு மாற்றாக, "எல்லாம் கடவுள் சித்தம்" என்பார்கள். அன்பர்களே, மூலையில் சாத்தியிருந்த துவக்குக்குக் கடவுளின் பெயரைச் சூட்டாதீர்கள். பிள்ளை சாகவேண்டும் என்பது அவருடைய சித்தம் அன்று. துவக்கு பூட்டப்பட வேண்டும் என்பதே அவருடைய சித்தமாயிருந்தது. 1992ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட திருச்சபையின் மறைக்கல்வி நூல், ஐந்தாம் கட்டளையை விளக்கும் இடத்தில் (2269ஆம் பத்தி), தக்க காரணமின்றி மரணம் விளையத்தக்க முறையில் நடந்தவர், கொல்லும் எண்ணம் இல்லாதிருந்தாலும் கனமான குற்றத்திலிருந்து தப்பமுடியாது என்று கற்பிக்கின்றது. பூசைத் தொடக்கத்தில் நாம் சொல்லும் பாவ அறிக்கையிலும் செய்தவற்றோடு செய்யாது விட்டவற்றையும் சேர்த்தே அறிக்கையிடுகின்றோம். பூட்டாத பூட்டு அதற்குள் அடங்கும்.

ஆனால் இந்தச் சொல் ஏற்கெனவே உடைந்துபோன வீட்டுக்குக் கல்லாக விழக்கூடாது. அவ்வீட்டுத் தந்தை எம்மைவிட நன்றாகத் தம் குற்றத்தை அறிவார். இரக்கமுள்ள இறைவன் முன்னிலையில் அவருக்குப் பாவசங்கீர்த்தனமும் ஆறுதலும் உண்டு. அதிலும் மேலாக, விசையை இழுத்த பிள்ளை ஒன்று அங்கே இருக்கலாம்: தம்பியைச் சுட்ட அண்ணன், தோழியைச் சுட்ட சிறுமி. அந்தப் பிள்ளையைப் பார்த்து, "கொன்றவன்" என்று ஒரு சொல்லும் எவர் வாயிலிருந்தும் வரலாகாது. பள்ளியிலும் வராமல் ஆசிரியர் காக்கவேண்டும். "இது உன் பிழையன்று, பெரியவர்களாகிய எங்கள் பிழை" என்று அதற்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். அதுவே உண்மை. அதைச் சொல்லாவிட்டால், ஒரு வெடியில் இரண்டு பிள்ளைகளை இழப்போம்.

இனிச் செய்யவேண்டியவை.

முதலாவது, துவக்கு வீட்டுக்குள் வருமுன் வெறுமையாக வேண்டும். தோட்டாவை வயலிலேயே எடுத்துவிட்டு, குழலுக்குள் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

இரண்டாவது, துவக்கு ஒரு பூட்டுக்குள், தோட்டா வேறொரு பூட்டுக்குள். திறப்பு பெரியவர் ஒருவரின் இடுப்பில் இருக்கட்டும். திறப்பைச் சுவரில் கொழுவி வைத்தால் பூட்டினால் பயனில்லை. பூட்டுக்கும் பெட்டிக்கும் ஆகும் செலவு ஒரு மூட்டை நெல்லுக்குள் அடங்கக்கூடியது.

"பன்றி வந்து நிற்கையில் திறப்பைத் தேடிக்கொண்டு நிற்பதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காவலுக்குப் போகும்போது துவக்கு உங்கள் கையிலேயே இருக்கின்றது. கையிலிருக்கும் துவக்குக்குக் கையே காவல். கையைவிட்டு அது கீழே போகும் அந்த நேரத்திற்கே பூட்டு வேண்டும். கொட்டிலில் சாத்திவிட்டு வாய்க்காலுக்குக் குளிக்கப் போகும் அரைமணி நேரமும் அதில் அடங்கும்.

மூன்றாவது, அனுமதிப்பத்திரம் பெற்றவர் இறந்தாலோ, முதுமையால் காவலுக்குப் போகாவிட்டாலோ, துவக்கு நினைவுப் பொருளாக வீட்டில் கிடக்கக்கூடாது. கச்சேரியிலும் பொலிசிலும் அறிவித்து முறைப்படி ஒப்படையுங்கள்.

நான்காவது, அனுமதியில்லாத துவக்கு வைத்திருப்போரே, அது உங்களைக் காக்கவில்லை. நீங்கள்தான் அதைக் காத்துக்கொண்டிருக்கின்றீர்கள். சட்டத்தரணி ஒருவரிடமோ, நீங்கள் நம்பும் சமாதான நீதவானிடமோ வழி கேட்டு அதை ஒழித்துவிடுங்கள். கட்டுத்துவக்கும் பன்றிவெடியும் வைத்திருந்தால் அடுத்த சூரியன் மறையுமுன் அகற்றுங்கள்.

ஐந்தாவது, வெடிபொருள் என்று சந்தேகப்படும் எதையும் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், தீ வைக்காதீர்கள். பிள்ளைகளை விலக்கி, இடத்துக்கு அடையாளமிட்டு, கிராம அலுவலருக்கோ 119 இலக்கத்தில் பொலிசாருக்கோ அறிவியுங்கள். வந்து சொன்ன பிள்ளையை, "அங்கே ஏன் போனாய்?" என்று அடிக்காதீர்கள். அடிவாங்கிய பிள்ளை அடுத்தமுறை சொல்லாது.

ஆறாவது, தாய்மாருக்கு. பிள்ளையைப் பேரனார் வீட்டுக்கோ அயல் வீட்டுக்கோ அனுப்புமுன், "உங்கள் வீட்டில் துவக்கு இருக்கின்றதா? பூட்டியா இருக்கின்றது?" என்று கேளுங்கள். கிணற்றுக்குக் கட்டு இருக்கின்றதா என்று கேட்க வெட்கப்படுகின்றோமா? இதற்கும் வெட்கம் வேண்டாம்.

சீடர்கள் தம்முள் யார் பெரியவன் என்று வாதாடியபோது, ஆண்டவர் ஒரு பிள்ளையை அழைத்து அவர்கள் நடுவில் நிறுத்தினார். சிறியோருள் ஒருவருக்குக் கேடு விளைவிப்பவனைக் குறித்துத் திரிகைக் கல்லையும் ஆழ்கடலையும் சொல்லி அவர் எச்சரித்ததும் அதே வேளையில்தான். சாந்தமே உருவான அவர் அவ்வளவு கடுமையாகப் பேசிய இடங்கள் சிலவே. பெரியவன் என்பதற்கு அவர் தந்த அளவுகோல், நடுவில் நிற்கும் அந்தப் பிள்ளை பத்திரமாய் இருக்கின்றதா என்பதே.

ஆகவே, குடும்பத் தலைவர்களே, இன்றிரவு செபமாலை முடிந்து பிள்ளைகள் பாயில் சாய்ந்தபின், விளக்கை எடுத்துக்கொண்டு வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். வளையைப் பாருங்கள், கட்டிலின் கீழ் பாருங்கள், கொட்டிலைப் பாருங்கள். மூன்றடி உயரமுள்ள ஒருவரின் கண்ணால் பாருங்கள். எட்டும் இடத்தில் ஒன்று இருந்தால், விடியும்வரை பொறுக்காதீர்கள். மாட்டைக் கட்டிவிட்டுப் படுங்கள்.

மடுமாதாவின் பரிந்துரையால் நம் பிள்ளைகள் அனைவரையும் ஆண்டவர் காப்பாராக.